எந்த ஆண்டுக்கு மீட்பது? பக்கிங்காம் கால்வாய் குறித்துச் சில குறிப்புகள்

கால்வாய்ச் சீரமைப்பு பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சுவரில் பெரிய வரைபடம். நடுவில் நீலப் பட்டை, அது கால்வாய். பட்டையின் இரு ஓரமும் சிவப்புப் புள்ளிகள், அவை ஆக்கிரமிப்புகள். சேப்பாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரைக்கும் பட்டையின் மேலேயே பறக்கும் ரயில் ஓடுகிறது. அதன் தூண்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. திருமயிலை நிலையம் கால்வாயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வரைபடத்தில் அது எந்த நிறத்திலும் இல்லை. கரையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்து, "எங்க வூடு செவப்புல இருக்குது, ஸ்டேசன் மட்டும் ஏன் சார் செவப்புல இல்ல?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. மேடையிலிருந்தவரும் சிரித்தார். "அது அரசுத் திட்டம்மா" என்றார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அந்த அம்மாவின் கேள்வியை விட்டு என்னால் அடுத்த விஷயத்துக்குப் போக முடியவில்லை. மீட்பு, மீட்டெடுப்பு, புனரமைப்பு, சீரமைப்பு என்று பல பெயர்களில் புழங்கும் இந்தச் சொல்லாடல் முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. முன்னொரு காலத்தில் தூய்மையான, அசலான கால்வாய் ஒன்று இருந்தது, அப்புறம் அது கெட்டது, கெடுத்தவர்களை அகற்றினால் அசல் திரும்பி வரும் என்பதே அந்த அனுமானம். ஆற்றைப் பற்றி இப்படிப் பேசினாலாவது ஏதோ கொஞ்சம் அர்த்தம் இருக்கும். கால்வாய் மனிதர் வெட்டியது. ஒருவர் லாபத்துக்குத் தொடங்கினார், இன்னொருவர் காலத்தில் பசித்தவர்கள் வெட்டினார்கள், வேறு சிலர் அதன்மேல் ரயில் விட்டார்கள். இதில் எந்த ஆண்டு அசல்? 1806? 1878? 1960? ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்பதும் முடிவாகிவிடுகிறது. அதனால் முதலில் வரலாறு.

சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை வெட்டப்பட்ட உப்புநீர்க் கால்வாய்தான் தொடக்கம். 1806இல் முடிந்தது. பணம் போட்டவர் பேசில் காக்ரேன் என்ற கம்பெனி அதிகாரி. பிரிட்டிஷ் கடற்படைக்கு உணவுப்பொருள் சப்ளை செய்யும் குத்தகை எடுத்துப் பெரும்பணம் சேர்த்தவர். அந்தக் கணக்குகளுக்காக லண்டனில் பல வருஷம் வழக்காடிக்கொண்டிருந்தார் என்பதும், அங்கே ஒரு நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார் என்பதும் உபரித் தகவல்கள். கால்வாய் முதலில் காக்ரேன் கால்வாய் என்றே அழைக்கப்பட்டது. கொருக்குப்பேட்டையில் இன்றைக்கும் காக்ரேன் பேசின் ரோடு இருக்கிறது. தோணிகள் வந்து நின்று சரக்கு இறக்கிய நீர்த்தேக்கத்துக்குத்தான் பேசின் என்று பெயர். பேசின் பிரிட்ஜ் வழியாக ரயிலில் போகிற நாமெல்லாம் அந்தக் கால்வாய்த் துறைமுகத்தின் பெயரைத்தான் தினமும் உச்சரிக்கிறோம். பக்கத்திலேயே சால்ட் கோட்டர்ஸ். கேட்டால் உப்புக் குடியிருப்பு மாதிரி இருக்கும். அது கொட்டாரம், சரக்குச் சேமிக்கும் இடம். உப்புக் கொட்டாரம் ஆங்கிலேயன் வாயில் போய்த் திரும்பி வந்திருக்கிறது. சென்னையின் வரலாறு சிலைகளில் இல்லை, இப்படிப்பட்ட திரிந்த பெயர்களில்தான் ஒளிந்து கிடக்கிறது.

உப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் உப்பு 1805இல் அரசின் ஏகபோகமாக்கப்பட்டது. கால்வாய் 1806. ஒன்றுக்காக மற்றொன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடலோர அளங்களிலிருந்து உப்பை அள்ளி நகரத்துக்குக் கொண்டுவந்து பூட்டிவைத்து விற்கிற ஓர் அரசுக்கு, கடற்கரையை ஒட்டி, புயலுக்கும் அலைக்கும் சிக்காமல், மாட்டு வண்டியைவிட மலிவாகப் போகிற தண்ணீர்ப் பாதை எவ்வளவு தோதானது என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. 1837இல் அரசே கால்வாயை எடுத்துக்கொண்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். வடக்கே பழவேற்காடு தாண்டி, நெல்லூர்ச் சீமை தாண்டி, கிருஷ்ணா டெல்டாவின் பெத்தகஞ்சாம் வரைக்கும். தெற்கே கோவளம், மாமல்லபுரம், பாலாற்று முகத்துவாரம் கடந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும். மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். இதில் ஏறத்தாழ 257 ஆந்திரத்தில், 163 தமிழ்நாட்டில்.

நகரத்தின் நடுவில் மட்டும் ஒரு இடைவெளி இருந்தது. வடக்குக் கால்வாய் கூவத்தோடு நின்றது, தெற்குக் கால்வாய் அடையாற்றில் தொடங்கியது. நடுவில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர். சுமார் 5 மைல். இந்த 5 மைலை 1877-78இல் வெட்டினார்கள். வெட்டியது பஞ்ச நிவாரண வேலையாக.

அந்தப் பஞ்சம் தாது வருஷப் பஞ்சம். 1876 தாது. பாட்டிமார் சொல்லிச் சொல்லி அடுத்த இரண்டு தலைமுறைக்குக் கடத்திய பயம் அது. பெல்லாரி, கர்நூல், கடப்பா, சேலம் என்று உள்நாட்டு மாவட்டங்கள் காலியாகிக் கூட்டம் கூட்டமாகச் சனங்கள் சென்னையை நோக்கி வந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. இதைவிடக் கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. 1877 தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் தன் தூதராக ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். டெம்பிள் வந்தது செலவைக் குறைக்க. அவர் நிர்ணயித்த கூலிக்கு டெம்பிள் கூலி என்றே பெயர் வந்துவிட்டது. ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் கீழே. அதைத் தின்றுவிட்டு முழுநாள் மண் வெட்ட வேண்டும், கூடை சுமக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ், இது மனிதனை மெல்லச் சாகடிக்கிற கூலி என்று வாதாடினார். ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சண்டைக்குப் பிறகு ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்புமாகச் சமரசம் ஆனது. மைக் டேவிஸ் 2001இல் எழுதிய புத்தகத்தில் இந்த டெம்பிள் கூலியை நாஜி வதைமுகாமான புகன்வால்டின் ரேஷனோடு ஒப்பிட்டு அட்டவணையே போட்டிருக்கிறார். ஒப்பீடு மிகை என்று சொல்பவர்கள் அந்த அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1878இல் இந்தியா முழுக்க உப்பு வரியைச் சமப்படுத்துகிறோம் என்று சொல்லி, சென்னையில் மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த வரியை 2 ரூபாய் 8 அணா ஆக்கினார்கள். பஞ்சம் இன்னும் ஓயாத வருஷம். அதே வருஷம் கால்வாயின் இடைவெளி மூடப்பட்டு, வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒரே நீர்வழி ஆயின. கஞ்சிக்கில்லாதவர்கள் வெட்டிய வழியிலேயே, அவர்கள் வாங்க முடியாத உப்பு போகத் தொடங்கியது. நான் அணி அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படித்தான் வருகிறது.

பெயர் வைத்தது அப்போதைய கவர்னருக்கு: பக்கிங்காம் மற்றும் சாண்டோஸ் பிரபு. 1875 முதல் 1880 வரை கவர்னர். அவர் முழுப்பெயரை எழுதினால் ஒரு வரி போய்விடும், விட்டுவிடுகிறேன். 1889இல் அவர் இறந்தபோது ஆண் வாரிசு இல்லாமல் அந்தப் பிரபுப் பட்டமே அற்றுப்போனது. இங்கிலாந்தில் இல்லாமல்போன பட்டம் நம்மூரில் சாக்கடைக்கும், பெரம்பூரில் ஒரு பஞ்சாலைக்கும் பெயராக நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் எதற்கும் இல்லை. அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஒரே சாட்சி வில்லபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்கள். எலும்புக் கூடுகளை வரிசையாக உட்காரவைத்து, நிற்கவைத்து, ஒழுங்குபடுத்தி எடுத்த படங்கள். எடுத்து முடித்ததும் அவர்களுக்குச் சோறு போட்டாரா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பஞ்ச முகாம்களில் அள்ளி ஊற்றிய கஞ்சியும் ஒரு பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள், முன்பு அங்கே கஞ்சி ஊற்றினார்கள் என்பதால்.

*

கால்வாய் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். அது தெரியாமல் எப்படிக் கெட்டது என்று பேச முடியாது. பேசுகிற பலருக்கும் தெரியவில்லை என்பது என் அனுபவம்.

இது ஆற்றுநீர்க் கால்வாய் இல்லை. மலையிலிருந்து தண்ணீர் வருவதில்லை, வயலுக்குப் பாய்வதும் இல்லை. கடலுக்கு இணையாக, கரையிலிருந்து பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள், கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் ஓடும் பள்ளம். முகத்துவாரங்கள் வழியாகவும் கழிகள் வழியாகவும் கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். நம் கரையில் ஏற்றவற்றம் ரொம்பக் குறைவு, பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் ஏறிய தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும். அதற்குத்தான் லாக்குகள். இரு முனையிலும் கதவுள்ள ஒரு தொட்டி. தோணி ஒரு கதவு வழியாக உள்ளே வரும், கதவை மூடுவார்கள். அடுத்த பக்கத்து நீர்மட்டத்துக்குச் சரியாகும்வரை தொட்டிக்குள் தண்ணீரை விடுவார்கள் அல்லது இறக்குவார்கள். சமமானதும் மறுகதவு திறக்கும். கால்வாய் கூவம், அடையாறு, கொசஸ்தலை, பாலாறு என்று மேற்கிலிருந்து கிழக்கே போகும் ஆறுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வெள்ளக் காலத்தில் ஆற்றுத் தண்ணீரும் வண்டலும் கால்வாய்க்குள் புகுந்துவிடாமல் தடுத்ததும் இந்த லாக்குகள்தான். சேப்பாக்கம் பக்கம் லாக் நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. கோட்டூரில் லாக் தெரு. கதவுகள் போய்விட்டன, பெயர் கிடக்கிறது.

ஆக இது பராமரிப்பால் மட்டுமே உயிரோடு இருக்கிற ஒரு எந்திரம். லாக்கு பார்ப்பவர் ஒருவர் கதவைத் திறந்து மூட வேண்டும். வண்டலை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். இதில் கடைசி விஷயம் கால்வாய்க்காரர்களின் கையில் இல்லை. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கியதும் 1876 வாக்கில்தான். நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது, கூவத்தின் வாய் மண்மேடு விழுந்து அடைபட்டது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மணலுக்குப் பஞ்சம் வந்து கடல் ஊரைத் தின்றது. சென்னைக்காரர்கள் பெருமைப்படும் கடற்கரையும் அவர்கள் மூக்கைப் பொத்தும் கூவமும் ஒரே சுவரின் இரண்டு விளைவுகள். ஆற்றின் வாய் அடைந்தால் ஏற்றவற்றம் உள்ளே வராது. அது வராவிட்டால் கால்வாயின் நடுப்பகுதி குட்டை. அப்புறம் நகரத்தின் சாக்கடையை அதில் திறந்துவிட்டால் என்ன ஆகும்?

ஆனாலும் ரொம்ப காலம் அது ஓடியது. உப்பு, விறகு, நெல், சுண்ணாம்பு சுடுவதற்கான கிளிஞ்சல். ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்தும் நெல்லூர்க் கடற்கரையிலிருந்தும் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு தோணிகள் வரும். சென்னையின் விறகுத் தொட்டிகள் அந்தத் தோணிகளை நம்பி இருந்தன. நகரத்தின் அடுப்பு எரிந்தது இந்தக் கால்வாயால் என்று சொல்லலாம், காஸ் வரும்வரைக்கும். பாரதிதாசன் 1930களில் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் தோணியில் போனார். 'மாவலிபுரச் செலவு' கவிதை அந்தப் பயணத்தில் பிறந்தது. நிலா, தோப்பு, தண்ணீர் என்று போகிற உல்லாசப் பயணம், கரையில் கயிறு கட்டித் தோணியை இழுத்துக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்ததும் நின்றுபோகும். இலக்கியத்தில் அந்த இழுப்பவர்கள் வருகிற இடம் அனேகமாக அது ஒன்றுதான்.

காற்று தோதாக இருந்தால் பாய், இல்லாவிட்டால் மூங்கில் கழி ஊன்றுவது, அதுவும் முடியாத இடத்தில் கயிறு. சேப்பாக்கம் பக்கம் ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். எண்பது வயதிருக்கும். "எங்க நைனா வெறகுத் தோணி இஸ்தவரு தம்பி. கவுத்த தோள்ல மாட்டிகினு கரையோட நடப்பாரு. ராவெல்லாம் நடப்பாரு. தோள்பட்டைல இந்தாண்ட ஒரு தழும்பு. மாடு கழுத்துல இருக்கும் பாரு, அந்தமாரி" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். "தோணி நின்னுச்சு, நாங்க நின்னுக்கினோம்" என்றார். கரையில் வீடு போட்ட கதை அவ்வளவுதான். எல்லோரும் இப்படி வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் அப்புறம் பிழைப்புத் தேடி வந்தவர்களாகவே இருப்பார்கள். ஆனால் கால்வாய் முதலில், ஆக்கிரமிப்பு பின்னால் என்ற எளிமையான வரிசை இங்கே செல்லாது. கால்வாய்க்கு வேலை செய்ய ஆட்கள் வேண்டியிருந்தது. வேலை போனபிறகு அதே ஆட்கள் குப்பை ஆனார்கள்.

வேலை போனது படிப்படியாக. 1899இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ரயில் பாதை இணைந்தபோதே பாதி உயிர் போயிற்று. அப்புறம் லாரி. 1965, 1966 புயல்களில் கரைகளும் லாக்குகளும் உடைந்தன. சரிசெய்வதற்கு யாருக்கும் ஆர்வம் இல்லை. அதன் பிறகு தோணி அரிதாகிப்போனது.

*

இனி மீட்பு.

1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. சேப்பாக்கம் தாண்டியதும் தடம் கால்வாயைப் பிடித்துக்கொள்கிறது. ஏன் கால்வாயின் மேல்? நிலம் வாங்க வேண்டாம், வீடு இடிக்க வேண்டாம், வழக்கு வராது. அரசின் கண்ணில் கால்வாய் அப்போதே இல்லாமல் போய்விட்டது, மிச்சமிருந்தது ஒரு புறம்போக்குப் பட்டை மட்டும். மேல்நடுத்தர வர்க்கத்துக்காகக் கட்டினார்கள் என்று சுலபமாகத் திட்டிவிட்டுப் போக முடியாது. அதில் போகிறவர்களில் நானும் உண்டு, வீட்டுவேலைக்குப் போகிற பெண்களும் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. பஞ்சத்தில் செத்தவர்கள் வெட்டிய அதே 5 மைல்தான் இப்படித் தூண்களால் நிரப்பப்பட்டது. நடுக்கால்வாயின் அகலம் பல இடங்களில் பாதிக்கும் கீழே போய்விட்டது. தூணைச் சுற்றி வண்டல் சேரும், குப்பை சேரும், வெள்ளம் முட்டும். ஆகப்பெரிய ஆக்கிரமிப்பு எது என்று அளவுநாடா வைத்துப் பார்த்தால் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

சியோலைப் பாருங்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். கூட்டத்திலும் சொன்னார்கள். சியோங்கியேச்சியோன் ஓடையை மூடிக் கட்டியிருந்த மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள், உண்மைதான். அவர்கள் பாலத்தை இடித்து ஓடையைத் திறந்த அதே ஆண்டுகளில் நாம் ஓடையின்மேல் பாலத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். அதோடு, சியோலில் அந்தச் சாலையோரம் கடை போட்டிருந்த சிறு வியாபாரிகளைக் கிளப்பி ஒரு பழைய ஸ்டேடியத்துக்குள் வைத்தார்கள், கொஞ்ச வருஷத்தில் அந்த ஸ்டேடியத்தையும் இடித்தார்கள். வண்ணப் படத்தில் இது வராது. இங்கிலாந்தில் கால்வாய் மீட்பு வேறு மாதிரி நடந்தது. 1946இல் தொடங்கப்பட்ட உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தின் ஆட்கள் பழைய கால்வாய்களுக்காகப் போராடினார்கள், சனி ஞாயிறுகளில் தொண்டர்கள் போய்ச் சேறு வாரினார்கள், லாக்குகளைச் சரிசெய்தார்கள். ஓய்வுப் படகு விடுவதற்கான மீட்பு அது. அங்கே கரையில் குடிசை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2008இல் மத்திய அரசு காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும் கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுப் பகுதிகளையும் சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என்று சட்டம் போட்டு அறிவித்தது. மறுபடியும் சரக்குப் படகு. அதாவது 1878க்கு மீட்பது. கேட்க நன்றாக இருந்தது. பிறகு வேலை தொடங்கியது கிருஷ்ணா ஆற்றில், முக்தியாலாவுக்கும் விஜயவாடாவுக்கும் நடுவே. பக்கிங்காம் கால்வாய்க்குப் படகு வரவில்லை. திருமயிலை நிலையத்தின் அடியில் சரக்குப் படகு எப்படிப் போகும் என்று நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

படகுக்காக வெட்டிய கால்வாய், யாரும் திட்டமிடாமலே இரண்டு வேறு வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. ஒன்று, வெள்ளம். கூவத்தையும் அடையாற்றையும் கொசஸ்தலையையும் குறுக்கே இணைப்பதால் ஓரிடத்தில் மிஞ்சிய தண்ணீர் இன்னோரிடத்துக்குப் போக வழி. பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் விழுந்துதான் தெற்கே கோவளம் கழிமுகத்துக்குப் போயாக வேண்டும். தென்சென்னையின் வடிகால் என்பது இன்று நடைமுறையில் இதுதான். 2015 டிசம்பரில் அது எவ்வளவு குறுகிப்போயிருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு, கடல். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது ஏறிவந்த நீரைப் பல இடங்களில் கால்வாய் வாங்கிக்கொண்டது, பத்துப் பதினைந்து நிமிடங்களில் திரும்பக் கடலுக்கு அனுப்பியது, பெத்தகஞ்சாத்திலிருந்து சென்னை வரையிலான கரையில் பல உயிர்கள் அதனால் தப்பின என்று 2005இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. வரிசையாகச் செத்தவர்கள் வெட்டிய பள்ளம் 126 வருஷம் கழித்துச் சிலரைக் காப்பாற்றியிருக்கிறது.

அதனால் கால்வாயைச் சும்மா விட்டுவிடலாம், கரையில் இருப்பவர்கள் அப்படியே இருக்கட்டும் என்ற நம் தோழர்கள் சிலரின் வாதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. மழைக்காலத்தில் அந்த வீடுகளுக்குள் முதலில் தண்ணீர் புகுவது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தூர் வார வேண்டும், சாக்கடையை நிறுத்த வேண்டும், முகத்துவாரங்களைத் திறந்துவைக்க வேண்டும். இதில் சாக்கடை விஷயத்தில் ஒரு மோசடி நடக்கிறது. கரைக் குடிசைகளின் கழிவுநீர்தான் கால்வாயைக் கெடுத்தது என்பதுபோன்ற பேச்சு. பெருங்குழாய்கள் எங்கிருந்து வந்து விழுகின்றன என்று கரையோடு நடந்து பாருங்கள். அவை மாடி வீடுகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகின்றன. வடக்கே போனால் நிலைமை இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து கச்சா எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகவே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர், இறால் எல்லாம் எண்ணெய். அதை மீனவர்கள் வாளியாலும் முறத்தாலும் அள்ளினார்கள். கூலிக்கு. பஞ்ச நிவாரண வேலை என்று நான் மேலே எழுதியது நினைவிருக்கும்.

கரையிலிருந்து அகற்றியவர்களை எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில், தெற்கு பக்கிங்காம் கால்வாய்க்கு வடிகிற தாழ்வான நிலத்தில் இருக்கின்றன. கூவத்தோரம், அடையாற்றோரம், கால்வாயோரம் வெள்ள அபாயத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கொண்டுபோய், அந்த வெள்ளம் வடிய வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். நகரத்தில் வேலை செய்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். லாக் நகர்ப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் போன ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "அங்க மழை பேஞ்சா கணுக்கால் தண்ணி, வேலைக்கி நடந்து பூடலாம். இங்க ஆறாவது மாடி, தண்ணி ஏறாது. ஆனா கீழ எறங்க முடியாது. ரெண்டு பஸ்ஸு மாறணும். நாலு வூட்டு வேல ரெண்டாச்சு."

நான் கேட்பது சிக்கலானது ஒன்றுமில்லை. கால்வாயின் கொள்ளளவு எங்கெல்லாம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, குறைத்தது எது என்று வரிசையாகப் போட வேண்டும். தூண், பாலம், குழாய், சாலை, வண்டல், சாம்பல், குடிசை எல்லாம் ஒரே வரைபடத்தில், ஒரே நிறத்தில். எதை எடுக்க முடியும், எதை முடியாது என்று அப்புறம் பேசலாம். ரயில் நிலையத்தை இடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் அது அடைத்துக்கொண்டிருக்கிற தண்ணீருக்கு வேறு எங்கே வழி என்று சொல்லியாக வேண்டும். அந்த இழப்பைக் குடிசைகள் மட்டும் ஈடுகட்டும் என்று கணக்கு எழுத முடியாது. வெள்ளத்துக்காக வீடு எடுத்துத்தான் ஆக வேண்டிய இடங்களில், பக்கத்திலேயே, அதே வார்டில் வீடு. அரசுக்குச் சொந்தமான நிலம் நகரத்துக்குள் இல்லை என்பதை நான் நம்பவில்லை.

அந்தக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர், அந்த அம்மாவும் சேர்த்து, வரைபடத்தின் பிரதி வேண்டும், அளவுகள் வேண்டும், நிலையம் ஏன் குறிக்கப்படவில்லை என்ற காரணம் எழுத்தில் வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தோம். அம்மா கையெழுத்துப் போடும்போது, முகவரி எழுதுகிற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "எந்த அட்ரஸ் போடறது, இங்கதா, இல்ல அவங்க குடுக்கப்போறதா?" என்று கேட்டார். இங்கிருப்பதைப் போடச் சொன்னோம். மனு பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை.